பழைய 110 கிலோவோல்ட் வழித்தடங்களின் கொள்திறனைப் பெருக்குதல்: கம்பியை மாற்றினால் போதுமா, புதிய பாதை வேண்டுமா?

கேள்வி: தென்பொருநை

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் மின்தொடரமைப்பைப் பற்றி ஒரு தெளிவு வேண்டி இந்த இழையைத் தொடங்குகிறேன். நான் மின்துறையைச் சேர்ந்தவன் அல்லன், கட்டுமானப் பொறியாளன். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நுகர்வோர் தரப்பில் ஒரு மனு அளிக்க விரும்புகிறோம். அதற்கு முன் அடிப்படைகளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் நோக்கம்.

முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு பகுதிகளில் 1990களில் நிறுவப்பட்ட சிறிய காற்றாலைகளை அகற்றிவிட்டு, அதே இடத்தில் இரண்டு மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட புதிய இயந்திரங்களை வைப்பதற்குத் தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் ஒரு தனிக் கொள்கையை அறிவித்தது. 250 கிலோவாட் இயந்திரம் நின்ற இடத்தில் அதைப்போல எட்டு மடங்கு திறனுடைய இயந்திரம் நிற்குமானால், அந்த மின்சாரத்தை எடுத்துச்செல்லும் கம்பி மட்டும் அன்று இருந்த அளவிலேயே இருக்க முடியாது. இதற்கிடையில் தூத்துக்குடி, இராமநாதபுரம் பகுதிகளில் சூரிய மின்நிலையங்களும் பெருகிவிட்டன. காற்று நன்றாக வீசும் மாதங்களில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி ஆணை வருவதும், அதே ஊர்களில் கோடைக்காலத்தில் மின்னழுத்தம் தாழ்ந்து மோட்டார்கள் ஓடாமல் நிற்பதும் எனக்கு முரணாகத் தோன்றுகின்றன.

என் கேள்வி இதுதான். இருக்கும் கோபுரங்களில் கம்பியை மட்டும் மாற்றி, இரண்டு மடங்கு மின்சாரத்தை அனுப்ப இயலும் என்று ஒரு தரப்பினர் கூறுகின்றனர். அது தற்காலிகமான ஒட்டுவேலை என்றும், புதிய 230 அல்லது 400 கிலோவோல்ட் பாதை அமைப்பதே தீர்வு என்றும் மறுதரப்பினர் கூறுகின்றனர். எதை வலியுறுத்துவது முறை? கணக்கோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: கோபுரவழி

நண்பருக்கு வணக்கம். மின்தொடரமைப்புப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். இரு தரப்பினரும் ஒரே சங்கிலியின் வெவ்வேறு கண்ணிகளைப் பற்றிப் பேசுகின்றனர். எனவே கம்பியிலிருந்து தொடங்குவோம்.

நம் 110 கிலோவோல்ட் பாதைகளில் பெரும்பாலும் இருப்பது எஃகு மையமும் அலுமினிய இழைகளும் கொண்ட 'பாந்தர்' வகைக் கம்பி. இதன் வழியே செல்லும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது வெப்பம். மின்னோட்டம் கூடினால் கம்பி சூடேறும், சூடேறினால் நீளும், நீண்டால் தொய்யும். 110 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. பழைய பாதைகள் கம்பியின் வெப்பநிலை 75 டிகிரியைத் தாண்டாது என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டவை. அதைத் தாண்டினால் முதலில் குறைவது தரை இடைவெளி, அடுத்துக் குறைவது அலுமினியத்தின் வலிமை. நம் வெயிலைக் கணக்கில் கொண்டு சுமார் 400 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றின் (மூன்று கம்பிகள் சேர்ந்த ஒரு தொகுதியின்) வழியே ஏறத்தாழ 76 எம்விஏ (மெகாவோல்ட்-ஆம்பியர், மின்திறனின் அளவு) செல்லும்.

உயர் வெப்பத்தையும் குறைந்த தொய்வையும் நோக்கமாகக் கொண்டு உருவாக்கப்பட்ட புதிய வகைக் கம்பிகளைத் துறையினர் ஹெச்டிஎல்எஸ் என்று அழைக்கின்றனர். இவற்றில் எஃகுக்குப் பதிலாக கார்பன் கலவை மையமோ, வெப்பத்தில் மிகக் குறைவாகவே விரியும் இன்வார் உலோக மையமோ இருக்கும். 150 டிகிரியிலும் அதற்கு மேலும் தொடர்ந்து இயங்கினாலும் தொய்வு கட்டுக்குள் இருப்பதால், ஏறத்தாழ அதே தடிமனில் இரண்டு மடங்கு மின்னோட்டத்தை அனுப்ப இயலும். ஆகவே முதல் தரப்பினர் சொல்வது உண்மையே. கோபுரத்துக்குப் புதிதாக நிலம் வேண்டியதில்லை, வேலையும் மாதக்கணக்கில் முடிந்துவிடும்.

ஆனால் அந்த 'இரண்டு மடங்கு' எந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். நாற்பது கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். சூடான நிலையில் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு 0.17 ஓம் என்று கொண்டால், 400 ஆம்பியரில் மூன்று கம்பிகளிலும் சேர்த்து ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 3.3 மெகாவாட். மின்தடை அதே அளவில் இருக்க, மின்னோட்டத்தை 800 ஆம்பியராக்கினால் இழப்பு நான்கு மடங்காகி 13 மெகாவாட்டைத் தொடும். அதாவது அனுப்பும் 152 எம்விஏயில் எட்டரை விழுக்காட்டுக்கும் மேல் வழியிலேயே வெப்பமாகிப் போகும். அதே 152 எம்விஏயை 230 கிலோவோல்ட்டில், வழக்கமான, பாந்தரைவிடத் தடித்த 'ஜீப்ரா' கம்பியில் அனுப்பினால், அதே தொலைவுக்கு இழப்பு ஒன்றரை மெகாவாட் அளவில்தான் இருக்கும்.

மின்னழுத்தப் பக்கம் இன்னும் கடினமானது. அந்த நாற்பது கிலோமீட்டர் பாதை 400 ஆம்பியரில் தானே விழுங்கும் எதிர்வினைத் திறன் (வேலையாக மாறாமல், மின்னழுத்தத்தை நிலைநிறுத்தத் தேவைப்படும் திறன்; மெகாவாரில் அளக்கப்படும்) சுமார் 8 மெகாவார். 800 ஆம்பியரில் அது 30 மெகாவாரைத் தாண்டும். மின்னழுத்தம் தாழ்ந்து மோட்டார்கள் நிற்பதாக நீங்கள் எழுதியிருப்பதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. பழைய காற்றாலைகளில் பெரும்பாலானவை தூண்டல் மின்னாக்கிகள் என்பதால் அவையும் எதிர்வினைத் திறனை மின்கட்டமைப்பிலிருந்துதான் பெற்றன. புதிய இயந்திரங்கள் மின்னணு மாற்றிகளின் உதவியால் அதைத் தாமே அளிக்க வல்லவை. ஆகவே பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் ஒவ்வோர் இணைப்புக்கும் அந்த வசதியை நிபந்தனையாக்கி, அது உண்மையில் இயங்குகிறதா என்று அளந்து பார்ப்பதே, கம்பி எதையும் மாற்றாமல் கிடைக்கும் முதல் கொள்திறன் என்பது என் உறுதியான கருத்து. இதை உங்கள் மனுவில் தவறாமல் சேர்க்க வேண்டுகிறேன்.

அடுத்து, பாதையின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள். 400 ஆம்பியருக்கு அமைந்த மின்னோட்ட மாற்றி (மின்னோட்டத்தை அளக்க உதவும் கருவி), ஐசொலேட்டர் (பாதையைப் பிரித்து வைக்கும் திறப்பான்), ஜம்பர் (இணைப்புக் கம்பி), கிளாம்ப் (பிடிப்பான்) ஆகியவை அப்படியே நிற்க, நடுவில் மட்டும் விலையுயர்ந்த கம்பியைக் கட்டினால் பாதையின் திறன் ஒரு ஆம்பியர்கூட உயராது. காப்பு ரிலேக்களின் (பழுதை உணர்ந்து பாதையைத் துண்டிக்கச் செய்யும் கருவிகளின்) அமைப்பையும் புதிய சுமைக்கேற்ப மறுபடி கணக்கிட வேண்டும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களிலும் வட இந்தியா இருளில் மூழ்கியதன் தொடக்கம், பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) எதுவும் இல்லாமலே, மிகுசுமையைப் பழுதாகக் கருதிய மூன்றாம் மண்டல ரிலேயால் (தொலைவிலுள்ள பழுதுகளைக் கவனிக்கும் அமைப்பால்) துண்டிக்கப்பட்டதுதான்.

கோபுரத்தைப் பற்றியும் ஒரு சொல். நீங்கள் கட்டுமானப் பொறியாளர் என்பதால் இதை எளிதில் உணர்வீர்கள். தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய பாதைகளில் கோபுரக் கால்கள் கான்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில் உப்புக்காற்றால் அரிக்கப்பட்டிருக்கும்; வெளியே தெரியாது. புதிய கம்பியின் இழுவிசையை அந்தக் கால்கள் தாங்குமா என்று தோண்டிப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

பதில் 2: பொதிகைத்தென்றல்

மேலே எழுதியவரின் கணக்கை ஏற்றுக்கொண்டு, கம்பியைத் தொடாமலே கிடைக்கக்கூடிய இன்னொரு கொள்திறனைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஒரு பாதைக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவாக 400 ஆம்பியர் என்று எல்லை வகுக்கும்போது, சுற்றுப்புறம் 45 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது, உச்சி வெயில் அடிக்கிறது, காற்று விநாடிக்கு அரை மீட்டரைச் சற்றே தாண்டிய வேகத்தில் வீசுகிறது என்ற மிகக் கடுமையான நிலை எடுத்துக்கொள்ளப்படுகிறது. சித்திரை மாத நண்பகலுக்கு அது பொருந்தும். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதத்தில் நிற்கும் கம்பிக்கு அது எவ்வகையிலும் பொருந்தாது. காற்றாலை முழுத்திறனில் சுழல்வதற்குக் காரணமான அதே காற்றுதான் கம்பியையும் குளிர்விக்கிறது. கம்பிக்குச் சுமை மிகும் நேரமும் அதன் தாங்குதிறன் மிகும் நேரமும் ஒன்றாக அமைவது தென் மாவட்டங்களுக்கு இயற்கை அளித்துள்ள அரிய வாய்ப்பு.

கம்பியின் தொய்வையோ அதிர்வையோ உணரும் கருவிகளைப் பொருத்தி, அந்தந்த நேரத்துக்குரிய எல்லையை மின்சுமைப் பகிர்வு மையத்துக்கு அனுப்பும் முறை பெல்ஜியத்தில் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளது. அமெரிக்காவில் ஒன்றிய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2021 டிசம்பரில் பிறப்பித்த 881ஆம் ஆணை, குறைந்தபட்சம் சுற்றுப்புற வெப்பநிலைக்கு ஏற்பவாவது எல்லையை மாற்றியமைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அந்த அளவிலான தொடக்கத்துக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. மாதவாரியாகவும், பகல் இரவு என்றும் தனித்தனி எல்லைகளை வகுத்தாலே போதும்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்த்தே சொல்ல வேண்டும். காற்று கம்பிக்குக் குறுக்காக வீசும்போது கிடைக்கும் குளிர்ச்சியில், கம்பியை ஒட்டி அதன் திசையிலேயே வீசும்போது ஏறத்தாழ 40 விழுக்காடுதான் கிடைக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கிழக்காகக் கணவாய்கள் வழியே வருகிறது. ஆகையால் கிழக்கு நோக்கி ஓடும் பாதைகளில் எதிர்பார்க்கும் பயன் குறையும். மேலும், ஒரு பாதையின் எல்லையைத் தீர்மானிப்பது மலை மறைவிலோ தென்னந்தோப்புக்கு நடுவிலோ காற்றுப்படாமல் கிடக்கும், இரு கோபுரங்களுக்கு இடைப்பட்ட ஒரே ஒரு பகுதிதான். கருவியை அங்கே பொருத்தாமல் திறந்த வெளியில் பொருத்தினால் அது தரும் எண் ஆபத்தானது.

சூரிய மின்சாரத்துக்கு இந்த வழி உதவாது என்பதையும் மறைக்கக் கூடாது. பங்குனி, சித்திரை நண்பகலில் சூரிய உற்பத்தி உச்சத்தில் இருக்கும்போது காற்றும் இல்லை, வெப்பமும் மிகுதி. அந்தச் சுமைக்குக் கம்பி மாற்றமோ, உற்பத்தி இடத்திலேயே மின்கலத் தொகுப்போ வேண்டும்.

பதில் 3: நொய்யல்கரை

புதிய பாதை என்று எழுதுவோர் அந்தப் பாதை யாருடைய நிலத்தின் மேல் போகும் என்பதையும் எழுத வேண்டும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 6,000 மெகாவாட் திறனுடைய 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை அமைக்கப்பட்டபோது, கொங்குப் பகுதியின் விவசாயிகள் எவ்வளவு காலம் போராடினார்கள் என்பது பலருக்கும் நினைவிருக்கும். கோபுரம் நிற்கும் இடம் மட்டும் இழப்பு அன்று. கம்பிக்குக் கீழே தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, அந்த நிலத்தை நியாயமான விலைக்கு விற்கவும் முடியாது. பட்டா நிலத்தின் நடுவே கோபுரம் நிறுவும் அதிகாரம் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அறியும்போது வேதனையே மிஞ்சுகிறது.

இழப்பீட்டு விதிகள் சற்றே திருந்தியுள்ளன என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2015இல் ஒன்றிய மின் அமைச்சகம் வகுத்த நெறிமுறையில் கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பி செல்லும் வழிக்கு 15 விழுக்காடுக்கு மிகாத தொகையும் கூறப்பட்டிருந்தன. 2024 ஜூன் நெறிமுறை இவற்றை முறையே 200 ஆகவும் 30 ஆகவும் உயர்த்தியது. இருப்பினும் நில மதிப்பு என்பது வழிகாட்டி மதிப்பா, சந்தை மதிப்பா என்ற இடத்தில்தான் ஒவ்வொரு கிராமத்திலும் வழக்கு தொடங்குகிறது.

நம் அண்டை மாநிலமான கேரளம் இடையே ஒரு வழியைக் கண்டது. புதிய நிலம் கிடைப்பது அங்கு ஏறத்தாழ இயலாத காரியம் என்பதால், டிரான்ஸ்கிரிட் 2.0 என்ற திட்டத்தின்கீழ் பழைய 66, 110 கிலோவோல்ட் கோபுரங்களை அகற்றிவிட்டு, அதே வழித்தடத்தில் 220, 110 கிலோவோல்ட் சுற்றுகளை ஒன்றாகத் தாங்கும் கோபுரங்களை நிறுவினார்கள். 110 கிலோவோல்ட்டுக்கு 22 மீட்டர் அகலமும் 220 கிலோவோல்ட்டுக்கு 35 மீட்டர் அகலமும் வழித்தடம் வேண்டும் என்பது பொது அளவு. எனவே முழுவதும் பழைய இடத்துக்குள் அடங்கிவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் கூடுதலாகக் கேட்பது பதின்மூன்று மீட்டர், அதுவும் ஏற்கெனவே கம்பிக்குப் பழகிப்போன நிலத்தின் ஓரத்தில். புதிதாக ஒரு வயலைப் பிளப்பதைவிட இது எவ்வளவோ மேல். முதல் பதிலில் ஐயா கணக்கிட்டுக் காட்டிய இழப்புக் குறைவும் இதில் முழுமையாகக் கிடைக்கும்.

தொடர் கேள்வி: தென்பொருநை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கம்பி மாற்றம், எல்லை மாற்றம், அதே வழித்தடத்தில் உயர் மின்னழுத்தம் ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடு இப்போது தெளிவாகிறது. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. அதே வழித்தடத்தில் வேலை செய்வதானால் பழைய பாதையை நிறுத்த வேண்டுமே; அந்த மாதங்களில் ஊர்களுக்கு மின்சாரம் எப்படி வரும்? மற்றொன்று, பாதையின் திறன் உயர்ந்த பின் துணை மின்நிலையத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக இயங்கிவரும் பெரிய மின்மாற்றிகள் அந்தச் சுமையைத் தாங்குமா?

பதில் 4: கோபுரவழி

நிறுத்தம் பற்றிய கேள்விதான் எல்லாத் திட்டங்களையும் தாமதமாக்கும் உண்மையான காரணம். வைகாசி முதல் புரட்டாசி வரை காற்றுக்காலம்; அப்போது பாதையை நிறுத்தினால் காற்றாலைகள் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. வயலில் வண்டி இறங்காது, கோபுரத்தில் ஆள் ஏறுவதும் பாதுகாப்பன்று. பங்குனி பிறந்தால் பொதுத்தேர்வுகள், அதைத் தொடர்ந்து கோடை உச்சம். 2024 மே 2ஆம் நாள் மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தகைய நாள்களில் எந்தப் பாதையையும் நிறுத்த ஒப்புதல் கிடைக்காது. ஆக, எஞ்சுவது மார்கழியின் பிற்பகுதி, தை, மாசி மட்டுமே.

இரட்டைச் சுற்றுப் பாதையில் ஒரு சுற்றை மின்னோட்டத்தில் வைத்துக்கொண்டே மறு சுற்றில் கம்பி மாற்றலாம். ஒற்றைச் சுற்றுப் பாதையில், மறுமுனையிலிருந்து ஊட்ட வழியிருக்கும் துணை மின்நிலையங்களுக்கு மட்டுமே அது இயலும். கோபுரத்தையே மாற்றுவதானால் தற்காலிகக் கோபுரங்களில் ஒரு மாற்றுப்பாதை அமைக்காமல் முடியாது. எனவே பொருள் கொள்முதலை ஆவணிக்குள் முடித்து, தை பிறக்கும்போது கம்பி உருளைகள் களத்தில் இருக்குமாறு ஒப்பந்தம் விடப்பட வேண்டும். ஒப்பந்தப்புள்ளி மூன்று மாதம் தள்ளிப்போனால் வேலை மூன்று மாதம் தள்ளிப்போவதில்லை, ஓராண்டு தள்ளிப்போகிறது. ஆணையத்தின் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: ஒவ்வொரு பாதைக்கும் நிறுத்த அட்டவணை தயாராக உள்ளதா, அதற்கேற்பக் கொள்முதல் நாள் குறிக்கப்பட்டுள்ளதா?

பதில் 5: எண்ணெய்_சோதனை

மின்மாற்றிகளைப் பரிசோதிக்கும் பணியில் இருப்பதால் இரண்டாம் ஐயத்துக்கு மட்டும் விடையளிக்கிறேன். மின்மாற்றியின் வயது அதன் பெயர்ப்பலகையில் இல்லை. உள்ளே செம்புச் சுருளைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் உள்ளது. புதிய காகிதத்தின் இழைச்சங்கிலி நீளத்தைக் குறிக்கும் எண் ஏறத்தாழ 1,000. அது 200 அளவுக்கு இறங்கினால் காகிதம் பொடிந்துபோகும் நிலையில் இருக்கிறது என்று பொருள். வெளியே ஒரு குறுக்கிணைப்பு நிகழ்ந்து சுருள் அதிர்ந்தால் போதும், மின்மாற்றி போய்விடும். சுருளின் மிகச் சூடான புள்ளி 98 டிகிரியில் இருந்தால் இயல்பான ஆயுள் கிடைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் காகிதம் இரு மடங்கு வேகமாக முதுமையடையும் என்பது பன்னாட்டுத் தரநிலையின் கணக்கு.

ஆகவே நாற்பது ஆண்டு பழைய மின்மாற்றி என்பதாலேயே அதைக் கழிக்க வேண்டியதில்லை. வாழ்நாள் முழுவதும் பாதிச் சுமையில், ஈரம் புகாமல் இருந்த இயந்திரங்கள் இன்றும் நல்ல நிலையில் உள்ளன. பதினைந்தே ஆண்டுகளில் காகிதம் கருகிய இயந்திரங்களையும் பார்த்திருக்கிறேன். எண்ணெயில் கரைந்துள்ள வாயுக்களையும், காகிதச் சிதைவைக் காட்டும் ஃபியூரான் சேர்மங்களையும் அளந்து, முடிவுகளை வரிசைப்படுத்திய பிறகே எதை மாற்றுவது, எதற்கு விசிறியும் ஈரநீக்கமும் போதும் என்று முடிவெடுக்க வேண்டும். 230/110 நிலையங்களில் 100 எம்விஏ மின்மாற்றியை எடுத்துவிட்டு 160 எம்விஏ வைப்பது வழக்கமான தீர்வு. ஆனால் அப்போது 110 கிலோவோல்ட் பக்கத்தில் குறுக்கிணைப்பு மின்னோட்டமும் உயரும். பழைய பிரேக்கர்கள் அதைத் துண்டிக்க வல்லவையா என்று பார்க்காமல் மின்மாற்றியை மட்டும் பெரிதாக்குவது உயிருக்கு ஆபத்தான செயல். அந்த முற்றத்தில் நம் சக ஊழியர்கள் நடமாடுகிறார்கள்.

மனுவில் இணைக்க வேண்டிய ஆவணக் கோரிக்கைகளாக இவற்றைக் கருதுகிறேன்: நான்கு மாவட்டங்களின் ஒவ்வொரு 110 கிலோவோல்ட் பாதைக்கும் மணிவாரியான சுமைப் பதிவு, உற்பத்தியைக் குறைக்கச் சொன்ன ஒவ்வொரு நேரத்திலும் எந்தப் பாதை அல்லது எந்த மின்மாற்றி தடையாக இருந்தது என்ற குறிப்பு, மின்மாற்றிகளின் கடைசி ஐந்தாண்டு எண்ணெய்ச் சோதனை முடிவுகள். தடை எங்கே என்பது அந்தப் பதிவுகளிலிருந்து தெரிந்துவிடும். முதலில் எங்கே செலவிடுவது என்பதை அதன் பிறகு இந்த இழையிலேயே பேசுவோம்.